ஊராட்சி அலுவலகம்: எதற்குப் போகலாம், எதற்குப் போய் அலைய வேண்டாம்

தமிழ்நாட்டில் 12,525 கிராம ஊராட்சிகள் என்பது பல ஆண்டுகளாகப் புழங்கும் கணக்கு. 2011 கணக்கெடுப்பின்படி கிராமப்புற மக்கள்தொகை ஏறக்குறைய 3.72 கோடி. வகுத்துப் பார்த்தால் ஓர் ஊராட்சிக்குச் சுமார் 3,000 பேர். இவ்வளவு பக்கத்தில் இருக்கிற அரசு அலுவலகங்கள் குறைவு. ஆனால் அதைப் பற்றி ஊரில் கேட்டால் இரண்டு பதில்தான் வரும். ஒன்று, "தலைவர்கிட்ட சொன்னா போதும், முடிஞ்சிரும்". இன்னொன்று, "பஞ்சாயத்து போர்டுக்குப் போறது வெட்டி வேலை".

இரண்டையும் சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்கள் போன வேலைகள் வேறு வேறு. அந்த ஒரே கட்டடத்தில் சில சேவைகளுக்குச் சாவி, ஆள், பணம் மூன்றும் ஊருக்குள்ளேயே இருக்கின்றன. சிலவற்றுக்கு ஊராட்சி வெறும் தபால் பெட்டி. எது எந்த வகை என்று தெரியாமல் போனால்தான் அலைச்சல். ஒரு கடையை மதிப்பிடுவது போல இதையும் சேவை சேவையாகப் பார்த்துவிடலாம்.

முதலில் குடிநீர். ஊராட்சியின் தரத்தை அளக்க இதைவிட நல்ல அளவுகோல் இல்லை. 1994-ம் ஆண்டு ஊராட்சிகள் சட்டத்தின் 110-வது பிரிவு குடிநீர், தெருவிளக்கு, சாலை, வடிகால், தெருத் துப்புரவு, சுடுகாடு ஆகியவற்றை ஊராட்சியின் கட்டாயக் கடமை என்கிறது. சொந்த ஆழ்துளைக் கிணறு, சொந்த மேல்நிலைத் தொட்டி, சொந்த டேங்க் ஆபரேட்டர் உள்ள ஊரில் பழுதைச் சொன்ன அன்றே ஆள் வந்து பார்ப்பார். அவரும் அதே குழாயில்தான் தண்ணீர் பிடிக்கிறார். இதற்கு 5-க்கு 4 தரலாம்.

எவ்வளவு தண்ணீர் வர வேண்டும்? 2019-ல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தின் அளவு ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர். நாலு பேர் உள்ள வீட்டுக்கு 220 லிட்டர், அதாவது 15 லிட்டர் பிளாஸ்டிக் குடத்தில் கிட்டத்தட்ட 15 குடம். 30,000 லிட்டர் தொட்டி ஒருமுறை நிரம்பினால் 545 பேருக்குத்தான் காணும். உங்கள் தெருவுக்கு வரும் தொட்டி எத்தனை லிட்டர், ஒரு நாளைக்கு எத்தனை முறை நிரப்புகிறார்கள், அதை நம்பி எத்தனை வீடு என்று மூன்றைக் கேட்டாலே பற்றாக்குறை தொட்டியிலா, குழாயிலா என்று தெரிந்துவிடும். கணக்கில் போதுமான தண்ணீர் இருந்தும் கடைசித் தெருவுக்கு வரவில்லை என்றால், நடுவில் யாரோ குழாயில் நேரடியாக மோட்டார் மாட்டி உறிஞ்சுகிறார்கள் என்றே முதலில் சந்தேகிக்க வேண்டும். இதில் பக்கத்து வீட்டுக்குத் தண்ணீர் குறைவதோடு இன்னொரு ஆபத்தும் உண்டு. மோட்டார் இழுக்கும்போது குழாய்க்குள் அழுத்தம் இறங்கிப்போகும். சாக்கடை ஓரம் எங்காவது இணைப்பு கசிந்தால் அந்த வழியாகக் கழிவுநீர் உள்ளே வரும். மழைக்காலத்தில் ஒரு தெருவில் மட்டும் வயிற்றுப்போக்கு வந்தால் தேட வேண்டிய இடம் இதுதான்.

பிளீச்சிங் பவுடர் விஷயத்தில்தான் பெரும்பாலான ஊராட்சிகள் மதிப்பெண் இழக்கின்றன. மாதம் இருமுறை, 5-ம் தேதியும் 20-ம் தேதியும் தொட்டி கழுவ வேண்டும் என்பது நடைமுறை. கழுவிய நாளும் அடுத்துக் கழுவ வேண்டிய நாளும் தொட்டித் தூணில் எழுதியிருக்கும். எழுத்தை மட்டும் நம்ப வேண்டாம். உண்மையிலேயே கழுவியிருந்தால் வாஷ் அவுட் வால்வு வழியாகக் கலங்கல் தண்ணீர் வெளியேறி, கீழே தரை சேறாகி இருக்கும். தரை காய்ந்து கிடந்தால் பெயிண்ட் மட்டும்தான் புதிது.

குளோரின் கலப்பதற்கு 1,000 லிட்டருக்கு 4 கிராம் பவுடர் என்பது வழக்கமான அளவு. 30,000 லிட்டர் தொட்டிக்கு 120 கிராம். பிளாஸ்டிக் வாளியில் பவுடரைப் போட்டுக் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கூழாகக் குழைத்து, பிறகு வாளி நிறைய தண்ணீர் ஊற்றிக் கலக்கி, பத்து நிமிடம் அப்படியே வைக்க வேண்டும். சுண்ணாம்பு அடியில் தங்கிவிடும். மேலே நிற்கும் தெளிந்த தண்ணீரை மட்டும், தொட்டி நிரம்பிக்கொண்டிருக்கும்போதே ஊற்றினால் தானாகக் கலந்துவிடும். குறைந்தது அரை மணி நேரம் கழித்துத்தான் வால்வைத் திறக்க வேண்டும். கடைசி வீட்டுக் குழாயில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் மிச்சம் இருந்தால் வேலை சரி. குளோரின் அளவு பார்க்கும் குளோரோஸ்கோப் கருவியில் சொட்டு மருந்து விட்டால் லேசான மஞ்சள் நிறம் காட்டும்.

நடப்பது என்ன? வாய் திறந்த மூட்டையில் மாதக்கணக்கில் கிடந்த பவுடரில் குளோரின் பாதி பறந்துபோயிருக்கும். அதை அளவு பார்க்காமல் கையால் அள்ளி, குழைக்காமல் அப்படியே தொட்டிக்குள் கொட்டுவார்கள். கட்டி அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். உடனே வால்வைத் திறந்தால் முதல் தெருக்காரர் நாற்றம் என்று திட்டுவார். கடைசித் தெருவுக்கு ஒன்றும் போய்ச் சேராது. திட்டு வந்தது என்று மறுநாளிலிருந்து பவுடர் போடுவதையே நிறுத்திவிடுவார்கள். ஊராட்சியில் கெட்ட எண்ணத்தைவிட இந்த மாதிரிப் பயிற்சிக் குறைவால் கெட்டுப்போகும் வேலைகளே அதிகம்.

அடுத்தது மோட்டார். லோ வோல்டேஜில் ஓட்டுவது, மூன்றில் ஒரு பேஸ் போனது தெரியாமல் ஓடவிடுவது, தண்ணீர் இறங்கிய கிணற்றில் வெறுமனே சுற்றவிடுவது, இந்த மூன்றில் ஏதாவது ஒன்றில்தான் காயில் எரியும். நீர்மூழ்கி மோட்டாரைக் குழாயோடு வெளியே தூக்கி, காயில் கட்டி, திரும்ப இறக்க இரண்டு மூன்று நாள் ஆகிவிடும். ஸ்டார்ட்டர் பெட்டியில், ஒரு பேஸ் போனால் மோட்டாரை நிறுத்திவிடும் சிங்கிள் பேஸ் பிரிவென்டர் இருக்கிறதா, இல்லை அதைக் கழற்றிப்போட்டு நேரடியாக வயர் கொடுத்திருக்கிறார்களா என்று வார்டு உறுப்பினர் ஒருவர் போய்ப் பார்த்தாலே வருடத்துக்கு ஒரு மோட்டாராவது பிழைக்கும்.

இவ்வளவையும் நடத்தப் பணம்? பல ஊராட்சிகளில் வீட்டு இணைப்புக்கு 1,000 ரூபாய் முன்வைப்பு, மாதம் 30 ரூபாய் என்பதே நெடுநாள் வழக்கம். 300 இணைப்பு என்று வைத்துக்கொண்டால், எல்லோரும் ஒழுங்காகக் கட்டினாலும் மாதம் 9,000 ரூபாய். 7.5 குதிரைத்திறன் மோட்டார் ஒரு நாளைக்கு 6 மணி நேரம் ஓடினால் மாதம் 1,000 யூனிட் ஆகும். யூனிட் 8 ரூபாய் என்று போட்டாலும் கரண்டுக்கே 8,000. மிச்சம் 1,000 ரூபாயில் ஆபரேட்டர் சம்பளம், வால்வு, பைப், பவுடர் எல்லாம் பார்க்க வேண்டும். மீதியை மாநில நிதிக்குழு மானியத்தில்தான் ஓட்டுகிறார்கள். மாநிலத்தின் சொந்த வரி வருவாயில் 10 சதவீதம் உள்ளாட்சிகளுக்கு என்று ஒதுக்கப்பட்டு, கிராமம் நகரம் என்று பிரிந்து, பிறகு மாவட்டம், ஒன்றியம், கிராம ஊராட்சி என்று இறங்கி வரும் பணம் அது. மானியம் தாமதமானால் முதலில் நிற்பது மின்கட்டணம், அடுத்தது ஆபரேட்டர் சம்பளம்.

கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் தண்ணீர் வாங்கும் ஊர் என்றால் மேலே கொடுத்த 4 மதிப்பெண்ணை 2 ஆக்கிக்கொள்ளுங்கள். பிரதான குழாயின் வால்வு குடிநீர் வடிகால் வாரியத்தின் கையில். வரிசையில் கடைசியாக இருக்கும் ஊரின் சம்புக்குத் தண்ணீர் சொட்டினால் தலைவரிடம் சண்டை போட்டுப் பயனில்லை. அவரும் போன்தான் போட முடியும். சம்பில் உள்ள மீட்டரின் தினசரி அளவை ஆபரேட்டர் குறித்துவைத்த நோட்டைப் படமெடுத்து, வாரியத்தின் பராமரிப்பு உதவிப் பொறியாளருக்கு எழுத்தில் கொடுத்தால் வேலை நகர வாய்ப்பு உண்டு. "தண்ணி வரல" என்ற வாய்ப் புகாருக்கு, "பம்பிங் பண்ணிட்டுதான் இருக்கோம்" என்ற வாய்ப் பதில்தான் கிடைக்கும்.

தெருவிளக்கில் ஒரே ஒரு விஷயம் தெரிந்தால் போதும். ஒரு கம்பத்தில் மட்டும் எரியவில்லை என்றால் அது பல்பு, ஊராட்சி வேலை. வரிசையாக ஒரு தெருவே இருட்டு என்றால் தெருவிளக்குக்கான தனிக் கம்பியோ ஸ்விட்சோ போயிருக்கும். கம்பி மின்வாரியத்துடையது, ஊராட்சி ஆள் கம்பத்தில் ஏறக் கூடாது. புகாரில் தெருப் பெயரோடு கம்பத்து எண்ணையும் எழுதினால் அவர்களுக்கு இரண்டு நடை மிச்சம். 5-க்கு 3.5.

குப்பைக்கு 150 வீட்டுக்கு ஒரு தூய்மைக் காவலர் என்ற கணக்கு. மாதம் 3,600 ரூபாயாக இருந்த அவர்கள் ஊதியம் 2023-ல் 5,000 ஆனது. அந்தப் பணத்துக்கு அவர்கள் செய்யும் வேலைக்கு முழு மதிப்பெண் தரலாம். பேட்டரி வண்டி வாங்கிக் கொடுத்துவிட்டு, பேட்டரி செத்ததும் மாற்றாமல் ஓரங்கட்டி வைத்திருக்கும் நிர்வாகத்துக்கு ஒன்றும் தருவதற்கில்லை.

வீட்டு வரியில் நல்ல முன்னேற்றம். 2023 முதல் கிராம ஊராட்சி வரிகளை இணையத்திலேயே கட்டலாம். கையெழுத்து ரசீதில் எழுதும் தொகை ஒன்று, அடிக்கட்டையில் எழுதும் தொகை வேறொன்று என்ற பழைய வித்தை இதோடு ஒழிந்தது. சட்டப்படி அரையாண்டு வரி என்றாலும் பெரும்பாலோர் ஆண்டுக்கு ஒருமுறை மொத்தமாகக் கட்டுகிறார்கள். சிக்கல் பெயர் மாற்றத்தில். வீடு வாங்கியவர் கிரையப் பத்திர நகல், பட்டா, கடைசி வரி ரசீது மூன்றையும் இணைக்க வேண்டும். வாரிசு என்றால் இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும் கூடுதல். கணினியில் பழைய பெயர் எழுத்துப்பிழையோடு ஏறியிருந்தால் அதைத் திருத்தித்தான் அடுத்த படிக்குப் போக முடியும். ஆகவே மனு கொடுக்கும் முன் இணையத்தில் உங்கள் வரி எண்ணைப் போட்டுப் பெயரைப் பார்த்துவிடுங்கள். இன்னொன்று, வரி ரசீது உங்கள் பெயரில் வந்துவிட்டால் வீடு உங்களுடையது என்று அர்த்தமில்லை. சொத்துரிமைக்கு அது ஆவணம் ஆகாது. இதை நம்பிப் பங்காளிச் சண்டையில் தோற்றவர்கள் ஊருக்கு நாலு பேர் இருப்பார்கள்.

வீட்டு வரைபட அனுமதியும் இணையத்துக்கு வந்தாயிற்று. 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடிக்குள் வீடு கட்டுபவர்களுக்கு 2024 ஜூலை முதல் சுயசான்று முறை. மனு, வரைபடம், கட்டணம், அனுமதி என்று முன்பு மாதக்கணக்கில் இழுத்தது இப்போது உட்கார்ந்த இடத்தில் முடிகிறது. நிற்கிற மனுக்கள் பெரும்பாலும் இரண்டு காரணத்தால் நிற்கின்றன: மனை அங்கீகாரம் பெறாதது, அல்லது பட்டா உட்பிரிவு ஆகாமல் பழைய கூட்டுப் பட்டாவிலேயே இருப்பது. இரண்டுக்கும் ஊராட்சி செயலரைக் குறை சொல்லிப் பயனில்லை.

இனி, ஊராட்சிக்குப் போய்ப் பயனில்லாத வேலைகள். பட்டா, சாதிச் சான்று, வருமானச் சான்று, முதியோர் உதவித்தொகை, ரேஷன் கார்டு எதுவும் இங்கே இல்லை. கிராமத்துப் பிறப்பு இறப்புப் பதிவுக்குக்கூட வி.ஏ.ஓ.விடம்தான் போக வேண்டும். 2023-ல் மாதம் 1,200 ரூபாயாக உயர்ந்த முதியோர் உதவித்தொகை வருவாய்த் துறை வழியாக வருகிறது. இ-சேவையில் பதிந்தால் வி.ஏ.ஓ., வருவாய் ஆய்வாளர், சமூகப் பாதுகாப்புத் திட்டத் தாசில்தார் என்று போகும். தலைவர் சிபாரிசுக் கடிதம் கொடுப்பார். அந்தக் கடிதத்துக்குச் சட்டத்தில் இடமில்லை, பழக்கத்தில் உண்டு.

ஆரியங்காவு தாண்டிப் போனால் நிலைமை வேறு. கேரளத்தில் பிறப்பு, இறப்பு, திருமணப் பதிவு, சமூக ஓய்வூதிய விண்ணப்பம் எல்லாம் கிராமப் பஞ்சாயத்து அலுவலகத்திலேயே. ஆரம்ப சுகாதார நிலையமும் கிருஷி பவன் என்ற வேளாண் அலுவலகமும் அங்கன்வாடியும் பஞ்சாயத்தின் கீழ். 1996 ஆகஸ்டில் மக்கள் திட்ட இயக்கத்தைத் தொடங்கி, திட்ட நிதியில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் கீழே இறக்கினார்கள். அங்கே இருப்பவை 941 பஞ்சாயத்துகள்தான், ஒவ்வொன்றும் நம் ஊராட்சியைப் போலப் பல மடங்கு பெரியது, அதனால் முழு அலுவலகமே வைத்து நடத்த முடிகிறது. நம்முடைய 3,000 பேர் ஊராட்சியில் ஒரு செயலர். அவரே கணக்கர், அவரே கணினி ஆள், அவரே கூட்டம் போடுபவர். ஊராட்சிகளுக்கான 73-வது அரசமைப்புத் திருத்தம் இரண்டு மாநிலத்துக்கும் ஒன்றுதான். அதன் அட்டவணையில் உள்ள 29 துறைகளை எந்த அளவுக்கு ஆளோடும் பணத்தோடும் இறக்கினார்கள் என்பதில்தான் வித்தியாசம்.

நலத்திட்டப் பயனாளிகள் தேர்வுக்கு 5-க்கு 2. கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் 360 சதுர அடி வீடு, மத்திய அரசின் கிராமப்புற வீட்டுத் திட்டத்தில் மாநிலம் கூரைக்குத் தனியாகப் பணம் சேர்த்துத் தருவது என்று பணம் உருப்படியாக இருக்கிறது. பட்டியல் கிராம சபையில் வைக்கப்பட வேண்டும் என்பது விதி. ஆனால் எத்தனை வீடு என்ற இலக்கு மேலிருந்து வருகிறது, சில நேரம் கூட்டத்துக்கு முந்தைய நாள் வருகிறது. தீர்மான நோட்டில் பெயர்களுக்கு இடம் விட்டுக் கையெழுத்து வாங்கிக்கொள்வது இங்கேதான் தொடங்குகிறது. கையெழுத்துப் போடும் முன் தீர்மானம் முழுதாக எழுதியிருக்கிறதா, கடைசி வரிக்குக் கீழே கோடு போட்டு மூடியிருக்கிறதா என்று பாருங்கள். பெயர் வந்தபிறகு பணம் கட்டம் கட்டமாக, அடித்தளம், லிண்டல், கூரை என்று படமெடுத்துப் பதிந்தபின்தான் வரும். கையில் முன்பணம் இல்லாதவர் அடித்தளத்தோடு நின்றுபோவது இந்தத் திட்டங்களின் பழைய நோய்.

கிராம சபை ஆண்டுக்கு ஆறு: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. 500 பேர் வரையுள்ள ஊராட்சியில் 50 பேர், 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்கு மேல் 300 பேர் என்பது கூட்டம் செல்லக் குறைந்தபட்ச வருகை (கோரம்). கூட்டத்தில் பார்க்க வேண்டிய தாள் படிவம் 30, அதாவது வரவு செலவுச் சுருக்கம். பிளக்ஸில் கட்டியிருப்பார்கள். அதில் குடிநீர்ப் பராமரிப்புச் செலவையும் தெருவிளக்குச் செலவையும் மட்டும் முந்தைய கூட்டத்துப் படத்தோடு ஒப்பிட்டால் போதும். ஒரே ஊரில் மூன்று மாதத்துக்குள் நாலு மோட்டார் பழுது என்றிருந்தால் எந்தக் கிணறு, எந்தத் தேதி என்று கேட்கலாம். கேள்வியும் பதிலும் தீர்மான நோட்டில் ஏற வேண்டும் என்று வற்புறுத்துங்கள். ஏறாத கேள்வி கேட்கப்படாத கேள்விதான்.

தேர்தல் நடக்காத காலத்தில் இந்தச் சேவைகள் என்ன ஆகின்றன என்பதற்குத் தமிழ்நாடு போல உதாரணம் கிடைக்காது. 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்து 2019 டிசம்பர் வரை உள்ளாட்சித் தேர்தல் இல்லை. தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இல்லாததால் மத்திய நிதிக்குழு மானியமும் சிக்கியது. பிறகு 27 மாவட்டங்களில் 9,624 ஊராட்சிகளுக்குத் தேர்தல் நடந்து, அவர்கள் காலமும் 2025 ஜனவரியில் முடிந்து, மறுபடி தனி அலுவலர்களாக வட்டார வளர்ச்சி அலுவலர்கள் (பி.டி.ஓ.) வந்தார்கள். 388 ஒன்றியங்களுக்கு 12,525 ஊராட்சி என்றால் ஒரு பி.டி.ஓ.வுக்குச் சராசரி 32 ஊர். அவர் நல்லவராகவே இருந்தாலும் உங்கள் தெரு வால்வு அவர் கண்ணில் படாது. தலைவர் இருந்தால் காலையில் டீக்கடையில் பிடித்துக் கேட்கலாம். தலைவர், துணைத்தலைவர் இருவரும் கையெழுத்துப் போட்டால்தான் பணம் வெளியே போகும் என்ற விதியால் இருவரும் முறைத்துக்கொண்டு ஊரே காய்ந்த கதைகளும் உண்டு, அது வேறு. ஆனாலும் தனி அலுவலர் காலத்தைவிட அதுவே மேல்.

எல்லா ஊருக்கும் ஒரே மதிப்பெண் போட முடியாததற்கு இன்னொரு காரணம் சாதி. மதுரை மாவட்டத்தின் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், விருதுநகர் மாவட்டத்தின் கொட்டகச்சியேந்தல் ஆகிய, தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்ட நாலு ஊராட்சிகளிலும் 1996-லிருந்து பத்தாண்டு தலைவர் தேர்தலை நடத்தவிடவில்லை. 2006-ல்தான் முறையாக நடந்தது. இன்றைக்கு அது குழாய் போடும் வரிசையில் தெரியும். தொட்டி ஊர்த் தெருவில், காலனி பைப்பின் கடைசியில். காலனிக்கென்று தனி வால்வும் தனி நேரமும் கொடுத்தால் தீர்கிற பிரச்சினையை "பிரஷர் இல்லை" என்று சொல்லி ஆண்டுக்கணக்கில் ஓட்டுவார்கள். உங்கள் ஊராட்சியை மதிப்பிட வேண்டுமென்றால் முதலில் அந்தக் கடைசிக் குழாயைத் திறந்து பாருங்கள்.

சொந்த வருமானம் இருந்தால் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு மேட்டுப்பாளையம் பக்கத்து ஓடந்துறை ஊராட்சி. 2006-ல் வங்கிக் கடன் வாங்கி 1.55 கோடி ரூபாயில் 350 கிலோவாட் காற்றாலை வாங்கியது. ஊருக்குப் போக மிச்ச மின்சாரம் மின்வாரியத்துக்கு விற்பனை. இது விதிவிலக்கு என்று ஒதுக்கலாம்தான். ஆனால் அதே சட்டத்தின் கீழ்தான் அதுவும் நடந்தது.

புகார் கொடுக்கும் முறை பற்றிக் கொஞ்சம். மனுவை இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் தேதியோடு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு மனுவில் ஒரு குறை மட்டும். குடிநீரையும் சாலையையும் சேர்த்து எழுதினால் யாருக்கும் அனுப்ப முடியாமல் கிடக்கும். ஊராட்சி மணி என்ற புகார் எண் 155340-க்குப் பேசினால் ஊராட்சி, குக்கிராமம், தொட்டியின் பெயர் மூன்றையும் சொல்லிப் பதிவு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். செலவு விவரத்துக்கு இ-கிராம் ஸ்வராஜ் தளத்தில் ஊராட்சிப் பெயரைப் போட்டால் மத்திய நிதிக்குழுப் பணம் எந்த வேலைக்குப் போனது என்று வரும்; 15-வது நிதிக்குழுவின் 2021-26 காலத்தில் அதில் 60 சதவீதம் குடிநீருக்கும் துப்புரவுக்கும் மட்டுமே என்று இருந்ததால் அந்த ஆண்டுகளின் கணக்கில் பொருந்தாத செலவு உடனே கண்ணில் படும். அதில் இல்லாத எம்-புக் (வேலையை அளந்து எழுதும் அளவுப் புத்தகம்) நகலுக்குப் பத்து ரூபாய் கட்டணத்தோடு தகவல் உரிமை மனு, பி.டி.ஓ. கிராம ஊராட்சி அலுவலகத்துக்கு. டேங்க் ஆபரேட்டரின் போன் நம்பர் தொட்டித் தூணில் எழுதியிருக்கிறதா என்று இன்று மாலை தண்ணீர் பிடிக்கப் போகும்போது பாருங்கள், இல்லையென்றால் முதல் மனு அதற்கே.